சிமுலேட்டர் திரை: பம்ப் ஓடினால் பச்சையா, சிவப்பா?

செம்பூர் மணி:
மும்பை செம்பூரில் சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்றில் திரை வடிவமைப்பது என் வேலை. இதுவரை பேங்க் ஆப் மட்டும்தான் செய்திருக்கிறேன். இப்போது மின் நிலைய ஆபரேட்டர்களுக்கான பயிற்சி சிமுலேட்டர் வந்திருக்கிறது. பம்ப் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு என்று போட்டேன். "எல்லாம் தலைகீழ்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னணியும் சாம்பல் நிறமாக வேண்டுமாம். பார்க்க அழுது வடிகிறது! ஏன் இப்படி?

பழைய ஷிப்ட்காரர்:
தம்பி, அனல் மின் நிலையத்தில் 22 வருடம் பேனல் முன்னால் உட்கார்ந்தவன் நான். இப்போது முலுண்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பழக்கத்தில் சிவப்பு என்றால் கரண்ட் இருக்கிறது, ஓடுகிறது, கை வைக்காதே. பச்சை என்றால் நின்றிருக்கிறது. அப்புறம், அழுது வடிவதுதான் நல்லது. ராத்திரி 3 மணிக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும்போது திரை கண்ணைப் பறிக்கவே கூடாது. அலாரம் வந்தால் அது மட்டும் தெரிய வேண்டும்.

ஆனால் நிறத்தை விடு. உன் விளக்கு எதைப் பார்த்துவிட்டு எரிகிறது? 1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் 2-ஆவது அணு உலை. அழுத்தம் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பேனலில் விளக்கு அணைந்ததும் மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்ததோ, மூடச் சொல்லி உத்தரவு போனது மட்டும்தான். கசிவைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது, வெளியேறிய நீர் சேரும் தொட்டியின் மீட்டர். அதுவோ பேனலுக்குப் பின்பக்கம். நூற்றுக்கு மேல் அலாரம். அச்சிடும் பிரிண்டரோ மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது. நீர் வெளியேறிய வழியை அடைக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் உலையின் மையம் சூடேறிச் சேதமடைய ஆரம்பித்திருந்தது.

என் யூனிட்டிலும் ஒரு டேம்பர், அதாவது காற்றுக் குழாயை அடைக்கும் தட்டு, திரையில் மூடியிருந்தது. கீழே போன பையன் வாக்கி டாக்கியில், "சார், இது தொறந்தே கெடக்கு" என்றான். அன்று குடித்த டீ தொண்டையில் இறங்கவில்லை.

டோம்பிவிலி கருவிக்காரன்:
ஐயா சொல்லும் நிறம் மின் நிலையத்துக்குச் சரி. நான் இருக்கும் கெமிக்கல் பிளான்ட்டில் ஓடினால் பச்சைதான். அதனால் அந்த நிலையத்தின் நிற விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தோடு வடிவமும் மாறட்டும். எங்கள் ஷிப்டில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.

செம்பூர் மணி:
சார், சிக்னல் பட்டியலை இன்று உட்கார்ந்து பார்த்தேன். 64 வால்வுகளில் 11-க்கு லிமிட் ஸ்விட்ச் (வால்வு உண்மையில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஸ்விட்ச்) சிக்னலே கிடையாது, கட்டளை மட்டும்தான். எல்லாவற்றுக்கும் "மூடியது" என்றே எழுதி வைத்திருக்கிறேன். அந்த 11-க்கு என்ன காட்டுவது?

பழைய ஷிப்ட்காரர்:
"மூடக் கட்டளை போனது" என்று எழுது. இடம் பத்தாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்காதே, கட்டத்தைப் பெரிதாக்கு. என்னைப் போலக் கண்ணாடி போட்டவன்தான் அங்கே உட்காருவான்.