1916இல் ஸ்கூட்டர் இருந்ததா? மௌனப்படக் காலத்து மோட்டார் வண்டிகளைப் பற்றி ஒரு கேள்வி

மாலைவாசகன்:

நண்பர்களுக்கு வணக்கம். முதல் உலகப் போர்க்கால லண்டனைக் களமாகக் கொண்டு ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1916ஆம் ஆண்டில் கதாநாயகி ஸ்கூட்டரில் அலுவலகம் செல்வதாக அதில் ஒரு காட்சி வருகிறது. நீண்ட மேலங்கியும் தொப்பியும் அணிந்த ஒரு பெண்மணி, சின்னஞ்சிறு சக்கரங்கள் கொண்ட வண்டியின் பலகைமேல் நின்றபடி தெருவில் போகும் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து பிறந்த காட்சி அது. கைப்பிரதியைப் படித்த நண்பர்கள் இருவர், ஸ்கூட்டர் என்பதே இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெஸ்பாவுடன் வந்த பொருள் என்றும், அந்தப் படம் கணினியில் செய்ததாகத்தான் இருக்கும் என்றும் அடித்துச் சொல்கிறார்கள். அது உண்மையா?

இன்னொரு ஐயமும் உண்டு. அக்காலத்து நகைச்சுவை அஞ்சலட்டைகளிலும் மௌனப்படங்களிலும் மோட்டார் சைக்கிள் வந்தால், ஒன்று அது சிரிப்புக்குரிய பொருளாக இருக்கிறது, இல்லையேல் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டாக இருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்பும் சாதாரண வண்டியாக அதை ஏன் யாரும் காட்டவில்லை? கடைசியாக, "அவள் இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து ஆக்சிலேட்டரைத் திருகினாள்" என்று எழுதியிருக்கிறேன். இந்த வாக்கியம் நிற்குமா?

கடையாணி:

படம் உண்மையானதுதான். உங்கள் வாக்கியம்தான் நிற்காது.

நீங்கள் பார்த்தது ஆட்டோபெட் என்ற வண்டி. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் 1915 முதல் சில ஆண்டுகள் தயாரான இதன் 155 சிசி எஞ்சின் முன்சக்கரத்தின் மீதே பொருத்தப்பட்டிருந்தது. இருக்கை கிடையாது, பலகைமேல் நின்றுதான் ஓட்ட வேண்டும். ஓட்டும் முறை இதைவிட விசித்திரமானது. ஹேண்டில்பார் தண்டை முன்னால் தள்ளினால் கிளட்ச் பிடித்து வண்டி நகரும். தன்னை நோக்கி இழுத்தால் கிளட்ச் விடுபடும், இன்னும் இழுத்தால் பிரேக் பிடிக்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஹேண்டில்பாரில் ஒரு சிறு லீவர் இருந்தது. ஆகவே உங்கள் கதாநாயகி எதையும் திருக மாட்டார், எதிலும் அமரவும் மாட்டார். வண்டியை நிறுத்தியதும் தண்டைப் பலகைமீது மடக்கி வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போகலாம்.

படத்தில் இருப்பவர் பெண் வாக்குரிமைக்காகப் போராடிய சீமாட்டி ஃபுளோரன்ஸ் நார்மன். பத்திரிகையாளரும் லிபரல் கட்சி அரசியலாளருமான அவருடைய கணவர் சர் ஹென்றி நார்மன் பிறந்தநாள் பரிசாக அந்த வண்டியைத் தந்தார். சீமாட்டி அதில் லண்டனில் தம் அலுவலகத்துக்குச் சென்ற காலம் 1916 என்பதால், உங்கள் கதைக்கு ஆண்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. இதே வண்டியை அமெரிக்க அஞ்சல்துறை நியூயார்க்கில் விரைவு அஞ்சல் பட்டுவாடாவுக்குச் சோதித்துப் பார்த்தது. போர் முடிந்த கையோடு, பீரங்கிகளுக்குப் பெயர்போன ஜெர்மனியின் க்ருப் ஆலை உரிமம் பெற்று 1919 முதல் 1922 வரை இதைத் தயாரித்தது. பீரங்கி வார்த்த பட்டறையில் ஸ்கூட்டர் செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

உங்கள் நண்பர்களின் குழப்பத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1919இல் கிரான்வில் பிராட்ஷா வடிவமைத்த ஸ்கூட்டமோட்டா பிரிட்டனில் வந்தது. அதில் இருக்கை உண்டு, எஞ்சின் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும். தொடர்ந்து இன்னும் சில நிறுவனங்கள் களமிறங்க, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஸ்கூட்டர் மோகம் நாகரிகப் பத்திரிகைகளை நிறைத்தது. அதன்பின் மேடு பள்ளமான சாலைகளில் அந்தச் சிறிய சக்கரங்களும் மெலிந்த சட்டங்களும் ஆட்டம் கண்டன, வாங்கியவர்கள் சலித்தார்கள், மோகம் அடங்கிற்று. 1930களின் நடுவில் அமெரிக்காவில் சால்ஸ்பரி, குஷ்மன் வண்டிகளும், 1946இல் இத்தாலியில் வெஸ்பாவும் வந்தபோது, முந்தைய தலைமுறையின் ஸ்கூட்டரை நினைவில் வைத்திருந்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

நிழற்படப்பிரியை:

கடையாணி ஐயா சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஒரு படத்தைக் கொண்டு, 1916இல் லண்டன் பெண்கள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார்கள் என்று பொதுவாக எழுதிவிட வேண்டாம். அரிதாக இருந்ததால்தான் அந்தக் காட்சி படமெடுக்கப்பட்டது. சீமாட்டி ஒருவர், பத்திரிகையாளரான கணவர், வேறு யாரிடமும் இல்லாத புதுப்பொருள் என்று அச்சுக்கு ஏற்ற எல்லாம் அதில் கூடியிருந்தன. அதே தெருவில் கூட்ட நெரிசலில் பேருந்துக்குக் காத்திருந்த நூறு தட்டச்சுப் பெண்களை எவரும் படமெடுக்கவில்லை. உங்கள் கதாநாயகி தட்டச்சராக இருந்தால் வண்டி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்குக் கதையில் விடை இருக்க வேண்டும்.

அக்காலத்து விளம்பர ஓவியங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அவற்றில் பெண் ஓட்டுவதாக வரைந்தால், இது பெண்களுக்கான வண்டி என்பதைவிட, பெண்ணே ஓட்டும் அளவுக்கு எளியது என்று ஆண்களிடம் சொல்வதே நோக்கமாக இருந்தது. உண்மையாகவே ஓட்டிய பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கு அதே 1916ஆம் ஆண்டே சான்று தருகிறது. அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் ஆளுக்கொன்றாக நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, வழியில் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிவரை ஏறி, செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸை அடைந்தார்கள். ராணுவத்தில் பெண்களும் செய்தி கொண்டுசெல்லும் பணியாற்ற முடியும் என்று நிறுவுவதே அவர்களின் எண்ணம். தோல் காற்சட்டை அணிந்ததற்காக வழியில் சிற்றூர்களில் காவலர்கள் அவர்களைக் கைது செய்தார்கள். மோட்டார் சைக்கிள் இதழ் ஒன்று வண்டியின் திறத்தைப் புகழ்ந்துவிட்டுச் சகோதரிகளைப் பொருட்படுத்தாமல் விட்டது. பணிக்கு விண்ணப்பித்த அடலினை ராணுவமும் ஏற்கவில்லை. சீமாட்டியின் படத்துக்கு அருகில் இந்தச் செய்தியையும் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் கண்ணுக்குத் தெரியும்.

இரட்டைச்சக்கரம்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். அந்த நகைச்சுவைக்கெல்லாம் வேர் எஞ்சினில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1910ஐ ஒட்டிய பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட் நேராக ஓடும். எஞ்சின் சுற்றினால் சக்கரமும் சுற்றியே தீரும். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினையும் நிறுத்த வேண்டும். மறுபடி புறப்பட ஒன்று பெடலை மிதிக்க வேண்டும், அல்லது வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பற்றிக்கொண்ட நொடியில் தாவி ஏற வேண்டும். தாவுவதற்குள் எஞ்சின் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நானே ஒருமுறை, ஒரு சேகரிப்பாளரின் நூறாண்டு கடந்த வண்டியைத் தள்ளிப் பார்த்தபோது அறிந்தேன். பத்தடி தூரம் வண்டி என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. ஏறவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. அங்கே நின்றவர்கள் அனைவரும் சிரித்தார்கள். தன் வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடும் மனிதனை அஞ்சலட்டை ஓவியன் கற்பனையில் உருவாக்கவில்லை, தெருமுனையில் பார்த்தான் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

மழை பெய்தால் தோல் பெல்ட் வழுக்கும். எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருக்க வண்டி மேட்டில் அப்படியே நிற்கும். எண்ணெயைக்கூட ஓட்டுபவரே டேங்கின் பக்கத்திலுள்ள கைப்பம்பால் சில மைல்களுக்கு ஒருமுறை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். மறந்தால் எஞ்சின் இறுகிவிடும். மறக்காமல் இரண்டு முறை அழுத்தினால் பின்னால் வருபவர் முகம் புகையில் மறையும். சாலையோரம் கருவிகளைப் பரப்பிவிட்டு முழங்காலிட்டிருக்கும் கணவனும், குடை பிடித்தபடி வேறு பக்கம் பார்க்கும் மனைவியும் இப்படித்தான் அட்டைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மௌனப்படங்களுக்கு வருவோம். 1914இல் வந்த 'மேபல் அட் த வீல்' படத்தில், சார்லி சாப்ளினின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிய மேபல் நார்மண்ட் வழியில் சேற்றுக் குட்டையில் விழுவார். அன்று பின்னிருக்கை என்று தனியாக ஒன்று இருப்பதே அரிது. சாமான் வைக்கும் கம்பித்தட்டில் அமர்ந்து போனவர்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. எஞ்சின் இரைச்சலில், பின்னால் இருந்தவர் விழுந்ததை முன்னால் இருப்பவர் அறியாமல் போவதும் இயல்பே. 1924இல் பஸ்டர் கீட்டன் இதைத் தலைகீழாக்கினார். 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் அவர் ஹேண்டில்பாரில் அமர்ந்திருக்க, ஓட்டியவர் வழியில் விழுந்துவிடுகிறார். அதை அறியாத கீட்டன், ஆளில்லாத வண்டியில் நெடுந்தூரம் பயணம் செய்கிறார். இன்றைய வண்டியில் கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பி வேகம் குறைந்துவிடும். அன்றைய வண்டிகளில் அது வைத்த இடத்தில் நிற்கும். ஆகவே ஓட்டுநர் விழுந்தபின்னும் வண்டி அதே வேகத்தில் போகும் என்பது அக்காலப் பார்வையாளருக்கு நம்பத்தக்க செய்தி. அது தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் இனிக்கும்.

சிரிப்பே நிஜத்துக்கு முன்னால் போன சந்தர்ப்பமும் உண்டு. 1903 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இதழில், வண்டியின் பக்கவாட்டில் இருக்கை பொருத்திய கேலிச்சித்திரம் வந்தது. மூன்று வாரங்களுக்குள் சைடுகாருக்கான தற்காலிகக் காப்புரிமையை ஒரு நிறுவனம் பெற்றுவிட்டது.

கடையாணி:

இரட்டைச்சக்கரம் சிரிப்பை விளக்கிவிட்டார். உயிர்ப்பணயத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மரப்பலகைகளைச் சரிவாக அடுக்கிக் கட்டிய வட்டப் பந்தயத்தளங்களில் பிரேக்கே இல்லாத வண்டிகள் ஓடின. எஞ்சின்கள் சிந்திய எண்ணெயால் பலகைகள் வழுவழுப்பாகிவிடும். பார்வையாளர்கள் தளத்தின் மேல்விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். 1912 செப்டம்பர் 8 அன்று நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் எடி ஹாஷா என்ற இளம் வீரரின் வண்டி விளிம்பின் மேலேறிச் சிதறியதில் அவரும், இன்னொரு வீரரும், பார்வையாளர்கள் பலரும் இறந்தார்கள். பத்திரிகைகள் இத்தளங்களைக் கொலைக்களங்கள் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அதே பத்திரிகைகள் அதுவரை இந்தப் பந்தயங்களைக் கொண்டாடி எழுதியவை.

மாலைவாசகன்:

மூவருக்கும் மிக்க நன்றி. கதாநாயகியைத் தட்டச்சர் வேலையிலிருந்து மாற்றி, ஒரு சீமாட்டியின் செயலராக ஆக்கிவிட்டேன். வண்டி சீமாட்டியுடையது, அவர் ஊரில் இல்லாத நாளில் இவர் எடுத்துச் செல்கிறார். வாக்கியத்தையும் "அவள் பலகைமேல் நின்று தண்டை முன்னால் தள்ளினாள்" என்று திருத்திவிட்டேன். இன்னொரு காட்சியில், விடுப்பில் வந்த கதாநாயகன் இரவில் மோட்டார் சைக்கிளில் லண்டனைக் கடக்கிறான். அவனும் தள்ளிக்கொண்டு ஓடித்தான் ஏற வேண்டுமா? விளக்கைப் பற்றியும் சொல்ல முடியுமா?

இரட்டைச்சக்கரம்:

ஓட வேண்டியதில்லை. ராணுவம் அன்று பெருமளவில் பயன்படுத்திய ட்ரையம்ஃப் மாடல் எச் வண்டியில் கிளட்சும் மூன்று கியர்களும் இருந்தன. பின்சக்கரத்துக்கு மட்டும் இன்னும் பெல்ட்தான். அஞ்சலட்டைக்காரர்கள் பழைய வேடிக்கையையே அச்சடித்துக்கொண்டிருந்த காலத்தில் வண்டிகள் மாறிவிட்டன.

விளக்கு கார்பைடு விளக்கு. அதன் கீழறையில் கால்சியம் கார்பைடு கட்டிகள், மேலறையில் தண்ணீர். சிறு திருகைத் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து அசிட்டிலின் வாயு கிளம்பும். கண்ணாடிக் கதவைத் திறந்து தீக்குச்சியால் பற்ற வைக்க வேண்டும். பூண்டு நாற்றம் போன்ற ஒரு நெடி கையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். அணைத்த பிறகும் உள்ளே ஊறிய கார்பைடு சிறிது நேரம் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்; மறுநாள் அந்தச் சாம்பல் நிறச் சேற்றைச் சுரண்டிக் கழுவ வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜெப்பலின் ஆகாயக் கப்பல்களின் குண்டுவீச்சுக்கு அஞ்சி அன்றைய லண்டனில் தெருவிளக்குகளும் வண்டி விளக்குகளும் மங்கலாக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒளிவெள்ளம் பாய்ச்சிக்கொண்டு அவனைப் போகவிடாதீர்கள். 1916ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பெட்ரோல் வாங்க உரிமமும் தேவைப்பட்டது. சீமாட்டியின் வண்டியை எடுத்துச் செல்லும் செயலர், தீர்ந்த பெட்ரோலுக்கு என்ன கணக்குச் சொல்லப் போகிறார் என்பதையும் யோசித்து வையுங்கள்.