அப்பாவின் மைலோ டின்னில் ஒரு ரோமானியக் காசு: இது யார் முகம்?

தகரப்பெட்டி (புக்கிட் மெர்தாஜாம்)

வணக்கம். என் அப்பா கரூர்ப் பக்கம் பிறந்தவர். 1951-ல் ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தார். சின்ன வயதில் அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் பையன்கள் மணலைச் சலித்துக் காசு தேடுவார்களாம். அப்படிக் கிடைத்த ஒன்றை வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறார். கடைசிவரை அது ஒரு பழைய மைலோ டின்னில் பஞ்சுக்குள் இருந்தது. "ராஜா காசு" என்பார். எந்த ராஜா என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. போன மாசியில் அவர் போய்விட்டார். அந்த ராஜா யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் ஐந்து காசைவிடக் கொஞ்சம் சிறியது, குறுக்களவு 16 மில்லிமீட்டர். பெர்ரி ஏறிப் போய் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 1.62 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை. ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை, அதில் முத்து கோத்தது போல ஒரு பட்டை. சுற்றிலும் ஆங்கில எழுத்துகள் மாதிரி இருக்கின்றன. நடுவில் எஸ்-டி-ஏ-என் தெளிவு, கடைசியில் ஏ-வி-ஜி. மறுபக்கம் ஈட்டி பிடித்த இரண்டு பேர், நடுவில் ஒரு கொடிக்கம்பம். அவர்கள் காலடியில் எஸ், எம், ஏ. அதற்குப் பிறகு பச்சையாக அழுக்கு மூடியிருக்கிறது.

குத்துவிளக்குத் துலக்குவது போல புளி போட்டுத் தேய்த்தால் எல்லா எழுத்தும் வந்துவிடும் என்கிறார் என் கொழுந்தனார். செய்யலாமா?

ஆயர் ஈத்தாம்காரர்

தங்கச்சி, புளி வேண்டவே வேண்டாம். காசின் மேல் படிந்திருக்கும் அந்தக் கரும்பச்சைப் படலம் அழுக்கு இல்லை. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த செம்பின் மேல்தோல் அது. எழுத்தும் முகமும் பல இடங்களில் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. புளியின் அமிலம் அதைக் கரைத்தால் முகமும் சேர்ந்து போகும்.

இப்போது ராஜாவுக்கு வருவோம். இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடி. இந்த வகையில் மேலே ஓரத்தைச் சுற்றி "குளோரியா எக்ஸர்சிடஸ்" என்று இருக்கும். படையின் பெருமை என்று பொருள். கொடிகளை எண்ணுவதுதான் இதில் முக்கியம். கி.பி. 330 முதல் 335 வரை அடித்தவற்றில் இரண்டு கொடி. 335 வாக்கில் காசைச் சிறிதாக்கியபோது ஒரு கொடியாகக் குறைத்தார்கள். உங்களுடையது ஒரு கொடி, 1.62 கிராம். இரண்டும் பொருந்துகின்றன.

எஸ்-டி-ஏ-என் மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ரோமப் பேரரசர் மகா கான்ஸ்டன்டைன், அவருடைய மூன்று பிள்ளைகள் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் என்று நால்வர் பெயரிலும் அந்த நான்கு எழுத்து உண்டு. இந்தக் காசுகளைப் பார்க்கிற எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். என்னுக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். உடனே எஸ் வந்தால் கான்ஸ்டன்ஸ். டி, ஐ என்ற இரண்டு எழுத்தும் வந்து அதன்பின் என் வந்தால் கான்ஸ்டன்டைன், வி வந்தால் கான்ஸ்டன்டியஸ். அவர்கள் காசில் யு கிடையாது, எல்லாம் வி-தான்.

ஏ-வி-ஜி என்றால் அகஸ்டஸ், அதாவது முழு அதிகாரம் உள்ள பேரரசர். முத்துப் பட்டையும் அதற்கு ஒத்துப்போகிறது, இளவரசர்களுக்குப் பெரும்பாலும் இலை மாலைதான். மகா கான்ஸ்டன்டைன் இறந்தது 337 மே மாதம். அதற்குப் பிறகுதான் மூன்று பிள்ளைகளும் அகஸ்டஸ் ஆனார்கள். ஆகவே இது மகன்களில் ஒருவர் என்றால் காசு 337-க்குப் பிந்தியது.

காலடியில் இருப்பது காசு அடித்த ஊர். எனக்கு ஆர்வம் பொங்குவது இங்கேதான். எஸ்-எம் என்பது அரச நாணயச்சாலை என்ற குறிப்பு. ஏ-வுக்குப் பிறகு என் வந்தால் அந்தியோக்கியா, இன்றைய துருக்கியில் உள்ள அந்தாக்யா. எல் வந்தால் எகிப்தின் அலெக்சாந்திரியா. ஒரே எழுத்தில் ஊரே மாறிவிடும். கைபேசி விளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மறையும் கோடு சாய்வு வெளிச்சத்தில் நிழலாக எழும்.

மதுரை வைகைக் கரையிலும் இலங்கையிலும் இதே போன்ற காசுகளைப் பார்த்து உள்ளூரில் அடித்தவையும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகச் சிதைந்திருக்கும். உங்களுடையதில் வாசிக்கிற எழுத்து இருப்பதால் அசல் நாணயச்சாலைக் காசு என்றே நினைக்கிறேன். பெயர் உறுதியானதும் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ஓக்ரே தளத்தில் தேடுங்கள். இலவசம், பாதி எழுத்து போட்டாலே தேடும்.

செந்தூல் அக்கா

புளி பற்றி ஒரு வார்த்தை. ஓநாயிடம் இரட்டைக் குழந்தைகள் பால் குடிக்கும் ரோமானியக் காசு ஒன்று என்னிடம் இருந்தது. ஆசை ஆசையாகப் பணம் சேர்த்து 140 வெள்ளிக்கு வாங்கினேன். தீபாவளிக்குப் பித்தளைச் சாமான் துலக்கும்போது அதையும் சேர்த்துப் புளித்தண்ணீரில் போட்டேன். கால் மணி நேரம்தான். செம்பு நிறத்தில் பளபளவென்று வந்தது, குழந்தைகள் இரண்டும் காணோம். ஓநாயின் முதுகு மட்டும் ஒரு மேடாக நிற்கிறது. ஆறு வருடம் ஆயிற்று, இன்னும் அந்தக் காசை எடுத்துப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கும்.

சுத்தம் செய்ய வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். பெட்ரோல் நிலையத்தில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும், ஆனால் அமிலம் கலந்ததாக இருக்கக்கூடாது, லேபிளைப் படித்து வாங்குங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறப்போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும். மண் இளகினால் மூங்கில் பல்குச்சியால் தொட்டு எடுக்கலாம், ஊசி கூடாது.

அப்புறம் அந்தப் பச்சையையும் கவனியுங்கள். கெட்டியாக, கருமையாக இருந்தால் பயமில்லை. வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது செம்பை அரிக்கும் நோய். உள்ளே இருக்கும் குளோரைடு உப்பு நம் ஊர் ஈரக்காற்றில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஊறவைத்து நன்றாக உலர்த்திய பிறகு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். பி.வி.சி. ஆல்பத்தில் போடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கே காசில் பச்சை பிடிக்க வைக்கும்.

நிபோங் திபால் தம்பி

அண்ணா, நம் பக்கமும் ரோமானியக் காசு கிடைக்குமா? உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கி பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நானும் நண்பனும் பேசிக்கொண்டிருக்கிறோம். இல்லாவிட்டால் கரூர் போய் வாங்கி வரலாமா?

ஆயர் ஈத்தாம்காரர்

தம்பி, ஆர்வம் நல்லது, ஆனால் அங்கே தோண்டாதே. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் கண்ணில் பட்டால் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். பூஜாங் இருக்கிற கெடா, அதாவது பழைய கடாரம், நம் ஆட்களின் தடமும் கிடக்கிற மண். ஒரு காசைப் பிடுங்கினால் அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். தாய்லாந்தின் ஊ தோங்கில் விக்டோரினஸின் செப்புக்காசு கிடைத்தது, வியட்நாமின் ஓக் ஏயோவில் அன்டோனினஸ் பயஸின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கிடைத்த இடம் தெரிந்ததால்தான் இன்றைக்கு அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வா, நானும் வருகிறேன்.

கரூரிலிருந்து கொண்டுவருவதும் கூடாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை அனுமதியில்லாமல் இந்தியாவிலிருந்து வெளியே எடுப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலக்கடையில் ஆவணத்தோடு வரும் சாதாரணச் செப்புக்காசு ஒன்றை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பி. வாங்குமுன் விளிம்பைப் பார். சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடினாலோ, மேற்பரப்பில் குமிழிக் குழி இருந்தாலோ அது அச்சில் வார்த்த போலி. அசல் காசு சுத்தியால் அடித்தது.

தகரப்பெட்டி

மன்னிக்கவும், மூன்று வாரம் கழித்து வருகிறேன். செந்தூல் அக்கா சொன்னபடி ஊறவைத்தேன், உதிர்கிற பச்சை இல்லை. நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். என்னுக்கு அடுத்து டி, ஒரு கோடு, அப்புறம் வி. நடுவில் என் இல்லை. இரண்டாம் கான்ஸ்டன்டியஸ்தானே ஐயா?

காலடியிலும் மண் இளகிவிட்டது. ஏ-வுக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு, அடியில் வலப்பக்கம் ஒரு சிறு கால். சாய்வுக்கோடு எதுவும் இல்லை. கொழுந்தனாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் எல் என்றுதான் படித்தார். அலெக்சாந்திரியா! அப்பா இருந்திருந்தால் அந்தப் பெயரைப் பத்து தரம் சொல்லிப் பார்த்திருப்பார்.

எல்லுக்குப் பிறகு இன்னும் ஒரு எழுத்து மண்ணுக்குள் இருக்கிறது. அது நாணயச்சாலைக்குள் எந்தப் பட்டறையில் அடித்தது என்று காட்டும் எண்ணா? இன்னொரு வாரம் ஊறட்டும், படம் எடுத்துப் போடுகிறேன்.