வெளிநாட்டு ஊழியத்தில் முதல் ஆண்டு: புதிதாக வந்திறங்கும் தம்பி தங்கைகளுக்கு

ஊழிய அழைப்பைப் பற்றி, உங்களை மிஷனரியாக அனுப்பும் சபையோடு பேசி முடித்திருப்பீர்கள். இங்கே பேச்சு விசா, பாஷை, காய்ச்சல், சக ஊழியர் இவற்றைப் பற்றித்தான். ஆண்டு முடியுமுன் மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாலில் ஏதோ ஒன்றில் இடறியவர்கள்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்தவர் சபையில் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஆராதித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மேடை ஏறினாலோ துண்டுப்பிரதி கொடுத்தாலோ பல நாடுகளில் அது விசா மீறல். மத ஊழியருக்கென்று தனி விசா இருந்தால் அதையே எடுங்கள். அமெரிக்காவின் ஆர்-1 விசாவை எடுத்துக்கொண்டால், விண்ணப்பத்துக்கு முன் குறைந்தது 2 ஆண்டு அதே சபைப் பிரிவில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், வாரம் சராசரியாக 20 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும், முதல் தடவை அதிகபட்சம் 30 மாதம் கிடைக்கும். ஆகவே போதகர் தரும் கடிதத்தில் நீங்கள் உறுப்பினரான தேதி இருக்கட்டும். “நல்ல சாட்சியுள்ள வாலிபர்” என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுத் தேதியை விட்டுவிடுகிற கடிதங்கள்தான் அதிகம்!

விசா கிடைத்தாலே எல்லாவற்றுக்கும் அனுமதி என்று அர்த்தமில்லை. ரஷ்யாவில் 2016 சட்டத்துக்குப் பிறகு, மிஷனரிப் பணி செய்பவர் தன் அமைப்பின் அங்கீகாரத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். குடியிருப்பு வீடுகளில் அந்தப் பணி கூடாது. மீறும் வெளிநாட்டவருக்கு அபராதத்தோடு நாடு கடத்தலும் உண்டு. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் வெளியேற்றம். நீங்கள் போகும் நாட்டின் சட்டத்தை ஏஜென்ட் வாயால் கேட்காதீர்கள். அங்கே பல ஆண்டு இருக்கும் ஊழியரிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

அடுத்தது பாஷை. முதல் 6 மாதத்துக்கு உங்கள் ஊழியமே இதுதான். காலை தியானம் முடிந்ததும் ஆசிரியரோடு 2 மணி நேரம், மதியம் அன்று கற்றதை வெளியே போய்ப் பேசிப் பார்க்க 2 மணி நேரம், வாரம் 5 நாள். ஆரம்பத்தில் காதுக்கு வேலை கொடுங்கள். “எடு”, “வை”, “எங்கே” என்று ஆசிரியர் சொல்ல நீங்கள் செய்துகாட்டுங்கள், புத்தகம் பிறகு. வழக்கமான தவறு என்னவென்றால், “மீட்பு”, “கிருபை” எல்லாம் முதல் மாதமே மனப்பாடம், ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரியாது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அந்த வெட்கமின்மை வேண்டும்.

உங்கள் சாட்சியை, அதாவது நீங்கள் விசுவாசத்துக்கு வந்த கதையை, 3 நிமிடத்துக்குச் சுருக்கி எழுதி, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் திருத்தி வாங்கி, அப்படியே பேசிப் பழகுங்கள். ஊரில் தமிழ் ஐக்கியம் (தமிழ் விசுவாசிகளின் கூடுகை) இருந்தால் ஒரு எச்சரிக்கை: வாராவாரம் பிரசங்கம் செய்யக் கூப்பிடுவார்கள், அன்பாகத்தான். மாதம் ஒரு தடவைக்கு மேல் ஒத்துக்கொண்டால் பாஷை அங்கேயே நின்றுவிடும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும், 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். மலேரியா தடுப்பு மாத்திரையை, மலேரியா உள்ள ஊரைவிட்டுக் கிளம்பியதும் நிறுத்துவது பெரிய பிழை. டாக்ஸிசைக்ளின் என்றால் பிறகும் 4 வாரம், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். வீட்டுச் சந்திப்பில் நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி ஊசி உண்டு. வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

—

பிரதர், வந்து மூணு வாரம்தான் ஆகுது. அடுத்த ஞாயிறு மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 30 நிமிடம் நேரம். எப்படித் தயாரிக்கணும்?

—

தம்பி, 30 நிமிடம் என்றால் உங்களுக்குச் சொந்தம் 15 நிமிடம்தான், மீதி அவருக்கு. பாதியை வெட்டிவிடுங்கள். வசனங்களின் பட்டியலை முந்தின நாளே கொடுங்கள். அவர் தம் வேதாகமத்திலிருந்து நேரே வாசிப்பார், மேடையில் மொழிபெயர்க்கத் தவிக்க மாட்டார். ஒரு முழு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். “ஆகவே தேவன்…” என்று பாதியில் நிறுத்தினால், வினை வாக்கியத்தின் வேறு இடத்தில் வரும் பாஷைக்காரர் என்ன செய்வார்? எதுகை மோனை, மூன்று குறிப்பும் ஒரே எழுத்தில் தொடங்குவது, சிலேடை நகைச்சுவை எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேராது. பேசும்போது சபையைப் பாருங்கள், அவரைப் பார்த்துப் பேசாதீர்கள். முந்தின நாள் அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து செய்தியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீரும்.

—

அக்கா யாராவது சொல்லுங்கள்: ஊரில் நமக்காக ஜெபிக்கிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் என்னென்ன எழுதலாம்? பணம் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

—

தங்கச்சி, கடிதம் மாதம் ஒன்று, ஒரு பக்கம் போதும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரின் பெயர், ஊர், முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். அனுப்பியபின் அது யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது, ஆபத்து அவருக்குத்தான். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். காணிக்கை வந்தது, செலவானது இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பணம் கேட்டு வருகிறவருக்கு முதல் ஆண்டில் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தது தெருவுக்கே தெரியும். பிறகு வருகிறவர் சுவிசேஷத்துக்கு வருகிறாரா பணத்துக்கு வருகிறாரா என்று அவருக்கே தெளிவிருக்காது. உள்ளூர்ச் சபை மூப்பரிடம் சொல்லி அவர் மூலம் செய்யுங்கள், உண்மையான தேவை எது என்று அவருக்குத்தான் தெரியும். திரும்பும் டிக்கெட்டுக்கான தொகையும் 3 மாதச் செலவும் தனிக் கணக்கில் இருக்கட்டும், எந்த ஊழியத் தேவைக்கும் அதைத் தொடாதீர்கள்.

கூட இருக்கும் ஊழியரோடு மனக்கசப்பு வரும். பெரும்பாலும் பாத்திரம் கழுவுவதிலும், விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதிலும்தான் தொடங்கும். வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்றே உட்கார்ந்து, வீட்டு வேலைப் பங்கையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஜெபக் கூட்டமாக மாற்றிவிடாதீர்கள். ஜெபத்தில் ஒருவரையொருவர் மறைமுகமாகத் திட்டுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை.