லா பால்மா தீவின் அங்குஸ்தியாஸ் பள்ளத்தாக்கு: அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

கற்சிலைமடுவான்:
ஜேர்மனியில் இருக்கும் அக்கா வருகிற ஏப்ரலில் அப்பாவையும் என்னையும் ஸ்பெயினின் லா பால்மா தீவுக்குக் கூட்டிப் போகிறா. எனக்கு அங்கே பார்க்க வேண்டியது தபுரியெந்தே கால்டெரா என்ற, மலைகள் சூழ்ந்த பெருங்குழியும் அதிலிருந்து கடலுக்கு இறங்கும் அங்குஸ்தியாஸ் பள்ளத்தாக்கும்தான். 1493இல் அந்தத் தீவின் கடைசித் தலைவன் தனௌசு ஸ்பானியப் படையை எதிர்த்து நின்ற இடம். வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லைக் கடந்து பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவன் நான். அந்தக் கதையை வாசித்த பிறகு போகாமல் விட மனமில்லை. அப்பா வயல்காரர், நடைக்கு அஞ்சமாட்டார். ஆனால் இறக்கத்தில் வலது முழங்கால் நோகும். போய் வந்தவர்கள் சொல்லுங்கோ.

முள்ளியவளை வாத்தியார்:
தம்பி, மகள் சுவிஸில் இருப்பதால் எனக்கும் அங்கே போக வாய்த்தது. வழமையாகப் பள்ளத்தின் அடியில் காரை விட்டுவிட்டு, டாக்சியில் லோஸ் பிரெசித்தோஸ் வரை ஏறி, அங்கிருந்து நடந்து இறங்குவார்கள். ஆறு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் பாதி பைன் மர நிழல். அடிமரம் கரிந்து கிடக்கும், மேலே பச்சைக் குருத்து நிற்கும். அந்தப் பைன் தீப்பட்டாலும் திரும்பத் துளிர்க்கும். முகாமிடும் இடத்தைத் தாண்டினால் செங்குத்து இறக்கம். அப்புறம் கடைசிவரை ஆற்றுப் படுகை, மிதித்தால் உருளும் கல். அப்பாவுக்கு அது வேண்டாம்.

இறங்கும்போது இதாஃபே என்ற கல்தூணைப் பாருங்கள். அது சரிந்து விழுந்துவிடும் என்று பழைய குடிகள் அஞ்சி, அறுத்த ஆட்டின் ஈரலும் குடலும் படைத்தார்களாம். இருவர் போவார்கள், ஒருவர் "இதாஃபே விழப்போகிறது" என்று பாட, மற்றவர் "கொண்டுவந்ததைக் கொடு, விழாது" என்பார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பயணம் தொடரும் எங்கள் ஆட்களின் மனசுதான் அங்கேயும்.

ஆனால் தனௌசுவைப் பிடித்தது பள்ளத்துக்குள் அல்ல. உள்ளே இருந்தவரை அவனை வெல்ல முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்ற உறவினன் ஒருவனைத் தூது விட்டு, சமாதானம் பேச வா என்று வெளியே கூப்பிட்டு, எல் ரியாச்சுவேலோ பக்கம் மறைந்திருந்து பிடித்தார்கள். கப்பலில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோகையில் சாப்பாட்டைத் தொடாமலே செத்தான். பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன் கதை கேட்டு வளர்ந்த எனக்கு அங்கே நிற்கையில் நெஞ்சு கனத்தது.

அந்த ரியாச்சுவேலோ வழியாகத்தான் லா கும்ப்ரெசித்தா என்ற மேட்டுக்குக் கார் வீதி ஏறுகிறது. மேலே நின்றால் கால்டெரா முழுக்கத் தெரியும், நடக்கும் பாதையும் பெரும்பாலும் மட்டம். அப்பாவை அங்கே கூட்டிப் போங்கள். பள்ளத்தில் நீங்களும் அக்காவும் இறங்குங்கள்.

முத்தையன்கட்டு விவசாயி:
வாத்தியார் தண்ணீரைச் சொல்லாமல் விட்டிட்டார். தோஸ் அகுவாஸ் என்ற இடத்தில் இரண்டு ஆறு கூடும். ஒன்றில் இரும்புச் சத்தால் கல்லெல்லாம் செம்மஞ்சள். அங்கேயே தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, கீழே அர்குவால், தசகோர்த்தே வாழைத் தோட்டங்களுக்கு எடுக்கிறார்கள். வயல்காரருக்குப் படம் எடுத்து வந்து காட்டுங்கோ. மழை அறிவிப்பு இருந்தால் இறங்கவே வேண்டாம், மலையில் பெய்தால் பள்ளத்தில் வெள்ளம் திடீரென்று வரும்.

கற்சிலைமடுவான்:
நன்றி ஐயா, நன்றி அண்ணை. அப்பாவுக்குச் சொன்னேன், சரி என்றார். கும்ப்ரெசித்தாவில் காரை விட முன்பதிவு வேண்டுமா?

முள்ளியவளை வாத்தியார்:
வேண்டும் தம்பி. இணையத்தில் நேரம் குறித்துப் பதியலாம். காலையையே எடுங்கள், பிந்தினால் முகில் மூடிவிடும்.