ஃபைட்டர் மீனின் துடுப்பு அழுகல்: செட்டிநாட்டுத் தண்ணீரில் எங்கள் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

கடைகளில் ஃபைட்டர் என்று விற்கப்படும் பெட்டா மீனுக்குத் துடுப்பு அழுகல் கண்டால், நம் பக்கத்தில் முதலில் கை போவது மெத்திலின் புளூ என்னும் நீலச் சொட்டுமருந்துக்குத்தான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் என்பதாலோ என்னவோ, எனக்குத் தொட்டித் தண்ணீரின் மீதே சந்தேகம் முந்திக்கொள்கிறது. அந்தச் சந்தேகம் சரியென்று காட்டிய ஒரு மீனைப் பற்றி எழுதுகிறேன். இந்தப் பகுதியில் மீன் வளர்க்கும் மற்றவர்களும் தாங்கள் கண்டதை எழுத வேண்டுகிறேன்.

சென்ற கோடையில் என் தங்கை மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த சிவப்பு ஹாஃப்மூன் வகை மீன் அது. பூச்சாடி போன்ற கண்ணாடிக் குடுவையில், வடிகட்டி ஏதுமின்றி, இரண்டு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் அதை விட்டிருந்தார்கள். வாலின் ஓரம் கறுத்து, இழை இழையாகப் பிரிந்திருந்தது. “நிறமே அப்படித்தான் என்று கடையில் சொன்னார்கள், அண்ணே” என்றாள் தங்கை. நிறம் என்றால் வால் அதே அளவில் இருக்க வேண்டும். இதுவோ, மீன் வந்த அன்று எடுத்த படத்தில் இருந்ததைவிடத் தெளிவாகக் குட்டையாகியிருந்தது. துடுப்பு அழுகலா, பிறவி நிறமா என்று ஐயம் வரும்போது, சில நாள் இடைவெளியில் பக்கவாட்டில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுவதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

துடுப்பை அரிக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஏறத்தாழ எல்லாத் தொட்டிகளிலும் இருப்பவைதான். மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலமும் அதன் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக இருக்கும்வரை அவற்றால் பெரிய கேடு வருவதில்லை. கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் பிறக்கும் அம்மோனியா அந்தப் படலத்தையும் செவுளையும் அரித்த பிறகே அவை உள்ளே நுழைகின்றன. நம் ஊருக்கே உரிய சிக்கல் இங்கேதான் வருகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று கடும் நஞ்சு, மற்றொன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இலிருந்து 8க்கு ஏறினால், மொத்த அம்மோனியா மாறாமல் இருந்தாலும், நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். வெப்பம் கூடினாலும் அந்தப் பங்கு கூடும். தங்கை வீட்டுப் போர் தண்ணீரின் பிஎச் 8ஐ ஒட்டியிருந்தது. கத்திரி வெயிலில் குடுவைத் தண்ணீரோ 32 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டாவுக்கு 24 முதல் 28 டிகிரி வரைதான் உகந்தது. வேறு ஊரில் ஒரு மீன் எப்படியோ தாங்கிக்கொள்ளும் அதே அழுக்கு, இந்தக் குடுவையில் அதன் வாலை எரித்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

நாங்கள் செய்தது மிகவும் சாதாரணமானது. மீனை 20 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினோம். காரைக்குடிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சம்பை ஊற்றுத் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் வருகிறது. அதைப் பிடித்து, குளோரின் போவதற்காக ஒரு நாள் முழுவதும் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து, தொட்டியில் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றிவந்தோம். கல்லுப்பு சிறிதளவு சேர்த்தோம். மருந்து எதுவும் ஊற்றவில்லை. முதலில் கறுப்பு ஓரம் மேலே ஏறுவது நின்றது. பிறகு அந்த ஓரத்துக்கு வெளியே கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு தெரிந்தது. அதைப் பூஞ்சை என்று எண்ணி மருந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது புதிதாக வளரும் துடுப்பு. நிறம் பின்னால்தான் ஏறும்.

தேவகோட்டையிலிருந்து

வணக்கம் அண்ணன். தண்ணீரைப் பற்றித் தாங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கிழிந்த துடுப்பெல்லாம் அழுகிய துடுப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருக்கும் நீல ஹாஃப்மூனின் வாலில் ஒரு நாள் காலையில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. முந்தைய இரவு வால் முழுமையாக இருந்ததை என் மகன் உறுதியாகச் சொன்னான். அடுத்த வீட்டு ஆச்சி உடனே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிவரச் சொன்னார்கள். நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட ஓரத்தில் கறுப்போ, சிவப்போ, வெண்மையான நாரோ எதுவும் இல்லை. கத்தரித்தாற்போல் சுத்தமாக இருந்தது. அழுகல் நாள்கணக்கில் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஏறும். ஒரே இரவில் அரைவட்டம் விழாது. மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டிருந்தது என்பது பின்னர் தெரிந்தது. கனமான துடுப்புகளை உடைய வகைகளில் இந்தப் பழக்கம் அதிகம். வடிகட்டியிலிருந்து வரும் நீரோட்டம் வேகமாக இருந்தால், அந்தப் பாரத்தைச் சுமந்து நீந்த முடியாமல் மீன் தவித்துப்போகிறது. நீர் விழும் இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டைக் கட்டி ஓட்டத்தைக் குறைத்ததும் கடிப்பது நின்றது.

பிளாஸ்டிக் செடிகளின் கூர்முனையில் கிழிவது இன்னொரு வகை. பழைய நைலான் துணி ஒன்றைச் செடியின் மீது இழுத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே துடுப்பும் மாட்டும். கிரௌன்டெயில் வகையில் துடுப்பின் முள்கள் சவ்வைத் தாண்டி நீண்டிருப்பது இயல்பு என்பதை அறியாமல், அதையே நோய் என்று அஞ்சி எனக்குப் படம் அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் கடித்த இடமும் கிழிந்த இடமும் அழுக்குத் தண்ணீரில் அழுகலாக மாறக்கூடும் என்பதால், கடைசியில் நானும் அண்ணன் சொல்லும் இடத்துக்கே வந்து சேர்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து

நான் ஓய்வுபெற்றவன். எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் பல ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். மருந்தைப் பற்றியும் மழைத் தண்ணீரைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

துடுப்பு அழுகலுக்கு டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தண்ணீரில் கரைப்பது வண்ண மீன் வளர்ப்போரிடையே நெடுநாளைய பழக்கம். என் உறவினர் ஒருவர் வீட்டில் அதை முறையாகச் செய்தும் அழுகல் நிற்காமல் வாலின் அடிவரை ஏறியது. மருந்து போலி என்று அவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். மருந்து நல்லதாகவே இருந்திருக்கலாம். டெட்ராசைக்ளின், தண்ணீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துகொள்ளும் இயல்புடையது. பாத்திரத்தின் அடியில் வெள்ளைக் காறை படியச் செய்கிற நம் போர் தண்ணீரில் இவ்விரண்டும் நிறைய உண்டு. ஊற்றிய மருந்தில் பெரும்பகுதி மீனுக்குள் போகாமல் தண்ணீரிலேயே கட்டுண்டுவிடுகிறது. மனிதருக்கு இதே மாத்திரையைக் கொடுக்கும்போது பாலோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். அதுவும் போக, எந்த ஆன்டிபயாடிக்கையும் தோராயமாக ஊற்றுவது, அதற்கு அடங்காத பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பதில்தான் போய் முடியும். பாக்டீரியாக்களைச் சாயமேற்றிப் பார்த்து கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரு வகையாகப் பிரிப்பார்கள். எரித்ரோமைசின் என்னும் இன்னொரு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் வகைகளின் மீது வேலை செய்வது. மேலே சொன்ன ஏரோமோனாஸும் சூடோமோனாஸும் கிராம் நெகட்டிவ். இதை எல்லாம் கேட்காமலே கடைகளில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மழைத் தண்ணீர் மென்மையானது, அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்தில் விழுவதைப் பிடித்து வைத்துக்கொள்வது எங்கள் அப்பத்தா காலத்திலிருந்தே வீட்டு வழக்கம். மீனுக்கு அதைப் பயன்படுத்துவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டையும் தகரத் தாரையையும் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை விட்டுவிட வேண்டும். பிடித்த தண்ணீரைச் செம்பு அண்டாவிலோ பித்தளைக் கிடாரத்திலோ வைக்கவே கூடாது. செம்பு மீனுக்கு நஞ்சு. கடினத் தண்ணீரைவிட மென்மையான தண்ணீரில் அதன் நஞ்சு பல மடங்கு கடுமையாக இருக்கும். நமக்கு எந்தக் கெடுதலும் செய்யாத அளவே பெட்டாவைக் கொல்லப் போதுமானது. நம் வீடுகளில் பெரிய பாத்திரம் என்றால் கைக்கு முதலில் வருவது செம்பும் பித்தளையும்தான் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எவர்சில்வரோ, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் டிரம்மோ போதும். மேலும், வெறும் மழைத் தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் இல்லாததால், தொட்டி பழகப் பழக அது சட்டென்று சரிந்துவிடும். நான் இரண்டு பங்கு மழைத் தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலக்கிறேன். பழைய தண்ணீரிலிருந்து இந்தக் கலவைக்கு மீனை ஒரே நாளில் மாற்றாமல், சிறிது சிறிதாகவே கொண்டுவருகிறேன்.

உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையை, பாதாம் இலை என்றே பலரும் சொல்கிறோம், ஒன்றிரண்டு தொட்டியில் போடுகிறேன். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து பாக்டீரியாவை ஓரளவு அடக்கும். ஆனால் கடினத் தண்ணீரில் அந்த இலை பிஎச்சைக் குறைத்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. தேநீர் நிறம்தான் வரும், அளவு அசையாது.

புதுவயலிலிருந்து

பிழைக்காத மீனைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். குட்டைத் துடுப்புள்ள பெட்டா வகையான எங்கள் பிளாக்காட் மீனின் துடுப்பு ஓரத்தில் சாம்பல் கலந்த வெண்மை படர்ந்தது. மறுநாள் முதுகின் குறுக்கே சேணம் வைத்தாற்போல் வெளிறிய பட்டை தெரிந்தது. அதற்கு அடுத்த காலை மீன் இல்லை. அது காலம்னாரிஸ் என்னும் நோய் என்றும், சாதாரணத் துடுப்பு அழுகலைப்போல் வாரக்கணக்கில் காத்திருக்காது என்றும், வெப்பமான தண்ணீரில் இன்னும் விரைந்து பரவும் என்றும் கால்நடை மருத்துவரான என் மைத்துனர் பிறகு விளக்கினார். மீனுக்கு நோய் என்றாலே ஹீட்டரைப் போடச் சொல்லும் அறிவுரையை, வெள்ளை ஓரம் தெரிந்தால் பின்பற்றாதீர்கள்.

மீண்டும் காரைக்குடியிலிருந்து

தேவகோட்டையிலிருந்து எழுதிய ஆச்சிக்கும், கானாடுகாத்தான் ஐயாவுக்கும், புதுவயல் நண்பருக்கும் நன்றி. செம்பு அண்டாவைப் பற்றி ஐயா எழுதியது என் எண்ணத்தில் வராத ஒன்று.

உப்பின் அளவைச் சிலர் தனியே கேட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கலாம். மீன் தளராமல் இருந்தால் இரண்டு கிராம் வரை போகலாம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முதலில் தனிப் பாத்திரத்தில் முழுமையாகக் கரைத்து, ஒரே நேரத்தில் கொட்டாமல் ஒரு நாளில் சில தடவையாக ஊற்ற வேண்டும். அயோடின் கலந்த தூள் உப்பு மீனைக் கொன்றுவிடும் என்பது மிகைப்பட்ட அச்சம். ஆனாலும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அதில் உண்டு என்பதால், கல்லுப்பு கிடைக்கிற ஊரில் தூள் உப்பை நாட வேண்டிய தேவை இல்லை. பத்து நாளுக்கு மேல் உப்பைத் தொடர வேண்டாம். தொட்டியில் செடிகள் இருந்தால் இவற்றை எல்லாம் வேறொரு தொட்டியில் செய்வது நல்லது. மெத்திலின் புளூவுக்கும் அதே விதிதான்; அது பூஞ்சைக்கு உதவுகிற அளவுக்குத் துடுப்பு அழுகலுக்கு உதவுவதில்லை என்பதோடு, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொன்றுவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிந்தினால் கறை போகாது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சார்பில் சொல்லி வைக்கிறேன்.

எப்போது மருந்துக்குப் போவது என்றும் கேட்டிருந்தார்கள். நாள்தோறும் தண்ணீர் மாற்றியும், அம்மோனியா அளவு சுழி என்று டெஸ்ட் கிட் காட்டியும், ஒரு வாரத்தில் ஓரம் மேலும் மேலும் ஏறினால், அல்லது துடுப்பு உடலோடு சேரும் அடியில் சிவப்பு தெரிந்தால், காத்திருக்க வேண்டாம். அடிவரை அழுகிய துடுப்பு திரும்ப வளர்வதில்லை. அந்த நிலையில் கானாடுகாத்தான் ஐயா சொன்னபடி கிராம் நெகட்டிவ் வகைகளுக்கான மருந்தை, கால்நடை மருத்துவரைக் கேட்டு, மென்மையான தண்ணீரில், தனித் தொட்டியில் கொடுங்கள்.

இன்னொன்று. உப்பு போட்ட தொட்டியில் வெயிலுக்குத் தண்ணீர் வற்றும்போது வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. நீங்கள் வாளியில் எடுத்து வெளியே கொட்டிய தண்ணீருக்கு மட்டுமே புதிதாக உப்பை நிறுத்துப் போட வேண்டும்.