புதுப்பிப்பு: வால்செட்ஸ், மண்ணோடு மறைந்த மர ஆலை ஊர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போல்க் மாவட்ட மலைக்காட்டில் இருந்த வால்செட்ஸ் என்னும் மர அறுவை ஆலை ஊரைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ஊரின் பெயர் பழங்குடிச் சொல் என்று குறிப்பிட்டிருந்தேன். உண்மையில் அது 'வேலி அண்டு சைலெட்ஸ்' (Valley and Siletz; இங்கே 'வேலி' என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) என்ற ரயில் பாதையின் பெயரைச் சுருக்கி ஒட்டியது. அதில் உள்ள சைலெட்ஸ் மட்டுமே அங்குள்ள ஆற்றுக்கும் பழங்குடியினருக்கும் உரிய பெயர்.

வீடுகள் எப்படித் தடமின்றிப் போயின என்று பலர் கேட்டிருந்தீர்கள். 1919 அளவில் காப்ஸ் அண்டு மிட்செல் நிறுவனம் உருவாக்கிய அந்த ஊரில் ஆலை, வீடு, கடை அனைத்தும் முதலாளியின் உடைமை. தொழிலாளர்கள் வாடகைக்குத்தான் குடியிருந்தார்கள். ஆகவே, பிற்காலத்தில் உரிமையாளராக இருந்த பாய்சி கேஸ்கேட் நிறுவனம் 1984இல் ஆலையை மூடியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்குக் கூட வெளியேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பின்னர் கட்டடங்கள் இடிக்கப்பட்டன, ஆலைக்காகத் தேக்கிய ஏரி வடிக்கப்பட்டது, நிலத்தில் மரக்கன்றுகள் நடப்பட்டன.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிந்த அந்த ஊரில், 1937இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி சொந்தமாகச் செய்தித்தாள் தொடங்கி நாடறியச் செய்தாள். சொந்த நிலம் ஒரு சாணும் இல்லாத மக்களுக்கு அந்தத் தாள்களாவது மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.