தோப்பு நிறைய இளநீர், குடிக்கத்தான் முடியாது

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எங்கள் தோப்பில் 140 தென்னை. அப்பாவுக்கு ஓர் இளநீர் குடிக்க வழியில்லை. செயலிழந்த சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாது. அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். இளநீரில் அதுதான் நிறைய. இதை எங்களுக்கு முதலில் சொன்னவர் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மலையாளப் பெரியவர். "கரிக்கு வேண்டா கேட்டோ" என்றார். கரிக்கு என்றால் மலையாளத்தில் இளநீர்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். விடியுமுன் கிளம்பி, வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போய்வந்தால் அப்பா துவண்டு படுத்துவிடுவார். மறுநாள் கொஞ்சம் தெளிவார். அதற்கடுத்த நாள் மறுபடியும் பயணம்.

இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். அந்தச் சிரை பருத்து ஊசி குத்தும் பதத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை கழுத்தில் குழாய். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பேன். மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டால் அதிருமே, அப்படி அதிர வேண்டும். அதிராவிட்டால் அடைத்துவிட்டது என்று பொருள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடக் கூடாது, ரத்தம் எடுக்கவும் விடக் கூடாது.

வயிற்றுவழி டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதை 14 மாதம் வரை அங்கே யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறொரு மருத்துவர்தான் விளக்கினார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியே இரண்டு லிட்டர் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். வயிற்றின் உட்சவ்வுதான் சல்லடை. நாளுக்கு நான்கு முறை, வீட்டிலேயே. தேங்காய் போட்டு வைத்திருந்த அறைக்கு வெள்ளையடித்தோம். பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்கிறோம். வடிந்த பையை அப்பா செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்ப்பார். எழுத்துத் தெரிந்தால் சரி. ஒருநாள் தெரியவில்லை, கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. தொற்று. அன்றே ஓடினோம். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறது. சர்க்கரைக்காரரான அப்பாவுக்கு இன்சுலினைக் கூட்ட வேண்டியிருந்தது. ஆனால் இப்போது மாலையில் தோப்பைச் சுற்றி வருகிறார்.

செங்கோட்டைத் தங்கை:

புனலூரில் இருக்கும் என் அண்ணனுக்கு நான் சிறுநீரகம் கொடுத்தேன். அறுவைச் சிகிச்சையைவிட உடன்பிறந்தவள் என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. என் சான்றிதழில் அப்பா பெயர் ஓர் எழுத்து. அண்ணனின் கேரள ரேஷன் கார்டில் வீட்டுப்பெயரோடு முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு எத்தனை முத்திரை! பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை, புதியதை அடிவயிற்றில் வைத்தார்கள். உடல் அதைத் தள்ளிவிடாமலிருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை, ஆயுள் முழுவதும், நேரம் தவறாமல். கொடுக்கச் சொந்தத்தில் ஆளில்லாதவர்கள் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகப் பதிவு செய்து காத்திருக்கலாம். தமிழ்நாட்டில் 2008 முதலும், கேரளத்தில் மிருதசஞ்சீவனி என்ற பெயரில் 2012 முதலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், வரிசை நீளம்.

குமுளிப் பேரன்:

சிறுநீரகம் செயலிழந்தபோது எங்கள் பாட்டிக்கு 84 வயது. "ஊசியும் வேண்டாம், குழாயும் வேண்டாம்" என்றுவிட்டார். மாமாக்கள் சண்டை போட்டார்கள். மருத்துவர் பாட்டியின் பக்கம் நின்றார். டயாலிசிஸ் செய்யாமல் தொந்தரவுகளை மட்டும் தணிப்பதும் ஒரு சிகிச்சை முறைதான் என்றார். உப்பைக் குறைத்தோம், வீக்கத்துக்கும் அரிப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கொடுத்தார்கள். பதினொரு மாதம் இருந்தார். கடைசி வாரம் வரை திண்ணையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்தார்.